கிண்டித் திடலும் குதிரைக்காரரும்



குதிரை நமது மண்ணிலே தோன்றிய விலங்கன்று, கடல்வழியே வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிற் குவிந்த பண்டங்களைச் சொல்ல வந்த பட்டினப்பாலை ஆசிரியர், கப்பலில் வந்திறங்கிய குதிரைகளையும் அவற்றோடு சேர்த்தே சொல்கிறார். அநுராதபுரத்தை இருபத்திரண்டு ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரையும் மகாவம்சம் அறிமுகஞ் செய்யும்போது, குதிரை கொணர்ந்த மரக்கல வணிகன் ஒருவனின் மைந்தர் என்றே அறிமுகஞ் செய்கிறது. ஆக, ஈழத்து அரசியல் வரலாற்றில் தமிழர் பெயர் பதிவாகும் தொடக்க இடங்களில் ஒன்றிலேயே குதிரையும் உடன் நிற்கிறது.

வாங்குவது ஒன்று, வளர்ப்பது வேறொன்று. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக் கரைக்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ ஒரு செய்தியைக் குறித்துவைத்தார். அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குகிறான்; ஆண்டு முடிவிலோ நூறுகூட எஞ்சுவதில்லை; அவற்றைப் பேணும் முறை அறிந்தவர் அங்கே இல்லாமையே காரணம்; குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் அந்நாட்டுக்குப் போகாதபடி விற்கும் வணிகரே பார்த்துக்கொள்கின்றனர் என்பது அவர் கூற்றின் சாரம். அயல்நாட்டார் குறிப்புகளில் மிகைப்படுத்தல் இருப்பதுண்டு. எனினும் அதன் அடியில் உள்ள உண்மை மறுக்க முடியாதது. பொன் கொடுத்தால் குதிரை வரும். அது உயிரோடிருப்பது அதன் அருகே படுத்தெழும் மனிதனாலேயே.

அந்த மனிதனுக்குத் தமிழில் பெயர் இல்லாமலில்லை. பழைய நூல்கள் அவனை வாதுவன் என்றன. பின்னர் குதிரைக்காரன் என்றோம். அரபு மொழியிலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்து, ஆங்கிலேயர் நாவில் நிலைத்த சொல் சைஸ் என்பது. உயர்தர வகுப்பிலே மாணிக்கவாசகர் வரலாற்றைக் கற்பிக்கும் வேளைகளில் ‘குதிரைச் சேவகன்’ என்ற தொடரில் நான் சற்றுத் தாமதிப்பதுண்டு. சேவகன் என்ற சொல்லுக்கு வீரன் என்ற பொருளும் உண்டு, பணியாள் என்ற பொருளும் உண்டு. இறைவன் குதிரைகளோடு மதுரைக்கு வந்த கோலத்தை வீரக் கோலமாகவே உரைகாரர் விரித்துரைப்பர். ஆயினும் அன்றிரவு பாண்டியனது பந்தியில் பரிகள் நரிகளாகி ஊளையிட்டபோது, அந்த அச்சத்தின் நடுவே நின்றிருக்கக்கூடியவர் பந்தி காத்த ஏவலரே. மன்னனின் கோபமும் அடியாரின் துன்பமும் பாடலாயின. ஏவலர் கதை எவராலும் பாடப்படவில்லை.

இன்றைய உரையில் நான் பேச விரும்புவது அந்த ஏவலரின் வழித்தோன்றல்கள் எனத்தக்கவர்களைப் பற்றி, சென்னைக் கிண்டிப் பந்தயத் திடலின் குதிரைக்காரரைப் பற்றி. அத்திடலின் வரலாற்றைச் சொல்பவர்கள் சூதைப் பற்றிச் சொல்வார்கள். நிலத்தைப் பற்றிச் சொல்வார்கள். வரியைப் பற்றிச் சொல்வார்கள். இம்மூன்று வழக்குகளிலும் குதிரைக்காரன் வாதியுமல்லன், பிரதிவாதியுமல்லன். ஆனால் தீர்ப்பின் விளைவு முதலில் போய் விழுவது அவன் தலையிலேதான்.

சென்னையிற் குதிரைப் பந்தயத்தின் தொடக்கத்தை 1777 ஆம் ஆண்டோடு சேர்த்துச் சொல்வது மரபு. மைசூர்ப் போர்கள் அதனை இடையிலே நிறுத்தின. கோட்டையிலிருந்த கும்பனியாரின் பொழுதுபோக்காக இருந்த அது, 1896 இல் மட்ராஸ் றேஸ் கிளப் என்னும் கழகமாக ஒழுங்கு பெற்றது. நாளடைவில் வெள்ளைத் துரைமாரின் இடத்துக்குச் சமஸ்தானத்து மன்னரும் ஜமீன்தாரும் செல்வந்தரும் வந்தனர். செட்டிநாட்டு எம். ஏ. எம். இராமசாமி போன்றோர் இந்தியாவின் பெரும் பந்தயங்களில் நூற்றுக்கணக்கான வெற்றிகளைக் குவித்தனர். 2024 வரை குளிர்காலத்தில் கிண்டி, கோடையில் உதகமண்டலம் என்பதே வழக்கமாக இருந்தது. பருவம் மாறும்போது குதிரைகள் லொறிகளில் மலையேறின. அவற்றோடு குதிரைக்காரரும் ஏறினர்.

பந்தயத் தொழில் எவ்வாறு இயங்குகிறது என்பதை ஒரு சங்கிலியாக நினைத்துப் பார்க்கலாம். பார்வையாளர் கட்டும் பந்தயப் பணத்திலிருந்து கழகம் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அப்பங்கிலிருந்து பரிசுத் தொகைகள் வருகின்றன. பரிசை நம்பிக் குதிரையின் உடைமையாளர் பயிற்சியாளருக்கு மாதந்தோறும் பணங் கொடுக்கிறார். பயிற்சியாளர் அதிலிருந்து தீனி வாங்குகிறார், இலாடம் அடிப்பவருக்குக் கூலி கொடுக்கிறார், குதிரைக்காரனுக்குச் சம்பளங் கொடுக்கிறார். சங்கிலியின் கடைக்கண்ணியில் நிற்பவனுக்குச் சம்பளந் தருபவர் கழகமல்லர், பயிற்சியாளரே. ஆகவே கழகத்துக்கு அரசோடு வழக்கு வரும்போது, ‘உங்கள் ஊழியர் எத்தனை பேர்?’ என்ற கேள்விக்குரிய விடைக்குள் குதிரைக்காரன் அடங்குவதில்லை.

அவனது நாள் விடியுமுன்னே தொடங்குகிறது. இலாயத்தைக் கூட்டிச் சாணமும் ஈரவைக்கோலும் அகற்ற வேண்டும். குதிரை இரவு தீனியை மிச்சம் வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிச்சமிருந்தால் அது நோயின் முதற் செய்தி. கால்களைத் தடவிப் பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே இலேசான சூடு தெரிந்தாற்கூட நரம்பு நொந்திருக்கிறது என்று பொருள். மருத்துவர் வருமுன் இச்செய்தியை அறிவது அவனுடைய உள்ளங்கை. சவாரிப் பையன்கள் குதிரையைத் திடலில் ஓட்டித் திரும்பியபின், வியர்வை ஆறும்வரை அதை மெல்ல நடத்த வேண்டும். பின் குளிப்பாட்டல், சீப்பும் தூரிகையும் கொண்டு தேய்த்தல், குளம்பில் ஏறிய மண்ணையும் கல்லையும் சுரண்டியெடுத்தல், தீனி, தண்ணீர். மாலையில் மீண்டும் இதே வேலை. குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்றில்லை. ஆகையால் அவனுக்கும் முழு விடுமுறை என்று ஒன்றில்லை.

பந்தய நாளில் கையிற் கிடைக்கும் றேஸ் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு வேடிக்கையைக் காணலாம். குதிரையின் பெயர், அதன் தந்தை பெயர், தாய் பெயர், வயது, நிறம், உடைமையாளர், பயிற்சியாளர், சவாரியாளர், சுமக்கும் எடை யாவும் அச்சாகியிருக்கும். குதிரையின் குலமுறைக்கு இடமுண்டு. அதை வளர்த்தவனின் பெயருக்கு இடமில்லை. வெற்றி பெற்ற குதிரையின் பத்திரிகைப் படங்களிலும் இதே கதைதான். கோப்பையை ஏந்திய கனவானின் பெயர் கீழே இருக்கும். கடிவாளத்தைப் பற்றி ஓரமாக நிற்பவர் பெயரற்றவராகவே நிற்பார்.

கிண்டியின் பிற்காலக் கதையைச் சொல்லுமுன் நமது நாட்டின் கதையை நினைவூட்டுவது பொருத்தம். ஏனெனில் கிண்டிக்கு நேரவிருந்தது கொழும்பில் முன்னரே நேர்ந்துவிட்டது. காலிமுகத் திடலில் தொடங்கிய கொழும்புப் பந்தயம் 1893 இல் கறுவாத்தோட்டத்துக்கு இடம்பெயர்ந்தது. 1942 இல் அத்திடல் போர் விமானங்களின் ஓடுபாதையாயிற்று; அவ்வாண்டு ஏப்ரல் 5 ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அங்கிருந்தே விமானங்கள் எழுந்து எதிர்த்தன. போர் முடிந்து பந்தயம் திரும்பியது. 1956 இல் பதவிக்கு வந்த பண்டாரநாயக்க அரசின் காலத்தில் அது நிறுத்தப்பட்டது. பந்தயம் குடி கெடுக்கும் தீமை என்பதே காரணம்.

அக்காரணத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வள்ளுவர் சூதுக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அது 94 ஆம் அதிகாரம். தருமன் தம்பியரையும் தாரத்தையும் பணயம் வைத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சம்பள நாளில் றேஸ் கோர்ஸ் வாசலில் தொலைந்த குடும்பங்கள் பல. ஆனால் 1956 க்குப் பின் நடந்ததைப் பாருங்கள். கொழும்பில் குதிரை ஓடுவது நின்றது. குதிரை மீது பணங் கட்டுவது நிற்கவில்லை. பிரித்தானியாவில் ஓடும் குதிரைகள் மீது கொழும்பிலும் பிற நகரங்களிலும் பணங் கட்டும் கடைகள் நடந்தன. பந்தயம் பிடித்தல், சூதாட்டம் ஆகியவற்றின் மீது அரசு அறவிடுவதற்கென 1988 இல் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. சூது இருந்தது, கடை இருந்தது, அரசுக்கு வருமானமும் இருந்தது. போனது இலாயமும் அதன் வேலையுமே. தீமையை ஒழிக்கப் புறப்பட்ட வாள், தீமையின் அருகே நின்ற உழைப்பாளியை வெட்டிவிட்டு உறைக்குத் திரும்பியது எனலாம். நுவரெலியாவில் மட்டும், 1875 முதல் வழங்கிவரும் திடலில், பிற்காலத்தில் ஏப்ரல் வசந்த காலப் பந்தயம் மீண்டும் துளிர்த்தது.

இனிக் கிண்டிக்குத் திரும்புவோம். 1974 இல் கருணாநிதி தலைமையிலான தமிழக அரசு, குதிரைப் பந்தயத்தை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நோக்கம் உயர்ந்ததே. எனினும் அதே தமிழக அரசு, அண்ணாதுரை காலத்தில் 1968 இல் தொடங்கிய பரிசுச்சீட்டை அப்போதும் விற்றுக்கொண்டிருந்தது. அது தமிழகத்தில் தடைசெய்யப்பட்டது 2003 இலே தான். கழகம் உயர் நீதிமன்றத்திலே தோற்று, உச்ச நீதிமன்றத்திலே இடைக்காலத் தடை பெற்றது, பந்தயம் தொடர்ந்தது. 1986 இல் எம். ஜி. ஆர். ஆட்சியில் கழகத்தையே அரசுடைமையாக்கும் இன்னொரு சட்டம் வந்தது. இரண்டையும் சேர்த்து 1996 ஜனவரி 12 ஆம் திகதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரைப் பந்தயம் வெறும் தற்செயலின் விளையாட்டன்று, பெரும்பான்மையும் திறமையில் தங்கிய விளையாட்டு. ஆகவே சூதாட்டத் தடையில் அது அடங்காது என்பது தீர்ப்பு. 1986 ஆம் ஆண்டுச் சட்டமும் செல்லாதென்றாயிற்று.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கத்தி தலைக்கு மேல் தொங்கிய தொழில் இந்த ‘திறமை’ என்ற ஒரு சொல்லாற் பிழைத்தது. யாருடைய திறமை? குதிரையின் பிறப்பு, அதன் பயிற்சி, ஏறிச் செல்பவனின் ஆற்றல், இவற்றையெல்லாம் எடைபோட்டுப் பணங் கட்டுபவனின் அறிவு என்று சட்டம் வரிசைப்படுத்தியது. பயிற்சி என்ற அந்த ஒரு சொல்லுக்குள்ளேதான் விடியுமுன் காலைத் தடவிப் பார்த்தவனின் உள்ளங்கையும் ஒளிந்திருக்கிறது. சூது அல்ல என்று ஒரு தொழிலைக் காப்பாற்றிக் கொடுத்த திறமையில் அவனுக்கும் பங்குண்டு. அதன் ஊதியத்தில் அவனது பங்கு எவ்வளவு என்பதுதான் கேட்கப்படாத கேள்வி.

தொழிலாளர் உரிமை பற்றிய ஒரு தீர்ப்பையும் இங்கே சொல்ல வேண்டும். நோய்க்கும் விபத்துக்கும் காப்பளிக்கும் 1948 ஆம் ஆண்டின் இந்திய ஊழியர் காப்புறுதிச் சட்டம் பந்தயக் கழகங்களுக்குப் பொருந்துமா என்ற வழக்கு பெங்களூரிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அச்சட்டம் தொழிற்சாலைகளுக்கும், அரசு அறிவித்தால் கடைகளுக்கும் உரியதாக இருந்தது. பந்தயத் திடல் தொழிற்சாலையன்று. எனவே நீதிமன்றம் 2014 இல், கழகத்தைக் ‘கடை’ என்ற சொல்லின் விரிந்த பொருளுக்குள் கொண்டுவந்து, அதன் ஊழியருக்குக் காப்புறுதி உண்டென்று தீர்த்தது. பந்தய நாளில் மாத்திரம் வேலைக்கு வரும் தற்காலிக ஊழியரையும் அது சாருமென்று 2016 இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. கோடிக்கணக்கான ரூபா புரளும் திடலில் உழைப்பவன் காய்ச்சலில் விழுந்தால் மருந்து பெறுவதற்கு, அத்திடல் கடையா அல்லவா என்று நாட்டின் மேலான மன்றம் அகராதி புரட்ட வேண்டியிருந்தது. தமிழாசிரியனாகிய எனக்குச் சொற்பொருள் ஆராய்ச்சி பிடித்தமானது. ஆனால் இந்த ஆராய்ச்சியைப் படித்தபோது மகிழ்ச்சி உண்டாகவில்லை.

சூது பற்றிய வழக்கு முடிந்தபின் நிலம் பற்றிய வழக்கு முன்னே வந்தது. 160 ஏக்கருக்கும் அதிகமான கிண்டி நிலம் அரசுக்குரியது. 1946 முதல் 99 ஆண்டுக் குத்தகை. ஆண்டு வாடகை 614 ரூபாவும் சில்லறையும்! மாநகரின் நடுவே இத்தனை ஏக்கர் இந்த விலையில் கிடப்பதை எந்த அரசுதான் நெடுநாள் பொறுக்கும்? 1970 முதல் 2004 வரையான உயர்த்தப்பட்ட வாடகைப் பாக்கி 730 கோடி ரூபாவுக்கு மேல் என அரசு கேட்டது. 2023 மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. 2024 ஜூன் மாதம் உதகமண்டலத் திடலின் 52 ஏக்கர் அளவான நிலத்தை அரசு மீட்டுக்கொண்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் கிண்டிக் குத்தகை இரத்தாகி, வாயில்களில் முத்திரை விழுந்தது. கழகம் மீண்டும் நீதிமன்றம் சென்றது. நிலத்தின் ஒரு பகுதியில் மழைநீர் தேக்கும் குளங்கள் வெட்டப்பட்டன. பசுமைப் பூங்காத் திட்டமும் அறிவிக்கப்பட்டது.

இங்கும் நியாயம் ஒருபக்கத்தில் மட்டும் இல்லை. மாரிகாலத்தில் இடுப்பளவு நீரில் நிற்கும் வேளச்சேரிக் குடும்பத்துக்கு அந்தக் குளம் வேண்டும். செல்வர் சிலரின் களியாட்டத்துக்காக ஏழை வெள்ளத்தில் நிற்க வேண்டுமென்று எவரும் சொல்லார். ஆனால் வாடகைப் பாக்கி வைத்தவர் கழகத்தார். வாடகையை நெடுங்காலம் விட்டுவைத்தவர் அரசாங்கத்தார். இவ்விருவர் கணக்கிலும் குதிரைக்காரனுக்குப் பற்றுமில்லை, வரவுமில்லை. வாயிலில் முத்திரை விழுகின்ற நாளிலும் குதிரைக்குத் தீனி வைத்தாக வேண்டும்.

நிலத்தோடு வரியும் சேர்ந்தது. 2017 இல் வந்த சரக்கு சேவை வரி பந்தயத்துக்கு 28 வீதம். 2025 செப்டெம்பர் 22 ஆம் திகதியிலிருந்து 40 வீதம். சூதை அடக்க வரி கூட்டுவது நல்லதென்றே தோன்றும. ஆயின் முன் சொன்ன சங்கிலியை நினைத்துப் பாருங்கள். வரி கூடினால் திடலிற் கட்டும் பணம் குறைந்து கள்ளப் புக்கிகளின் கைக்குப் போகும். கழகத்தின் பங்கு குறையும், பரிசு குறையும், உடைமையாளர் ஒரு குதிரையை விற்பார். குதிரை குறைந்தால் அதன் கடிவாளம் பிடித்தவன் வீட்டுக்குப் போவான். சூதாடியைக் குறிவைத்த வரி சங்கிலி வழியே இறங்கி, சூதாடாத ஒருவனிடம் வந்து சேருகிறது.

அதே 2024 ஆம் ஆண்டில் ஒக்டோபர் 5 ஆம் திகதி சிங்கப்பூரிலும் கடைசிப் பந்தயம் ஓடியது. 1842 இல் தோன்றிய கழகம் அது. கிராஞ்சியில் அது வைத்திருந்த 120 ஹெக்டேயர் நிலத்தை 2027 மார்ச் மாதத்துக்குள் வீடமைப்புக்காக அரசிடம் ஒப்படைப்பதென்று முடிவாயிற்று. நில நெருக்கடி அங்கும் உண்டு. வேலையிழப்பு அங்கும் உண்டு. வேறுபாடு ஒன்றே. முடிவை 2023 ஜூனிலேயே, பதினாறு மாதம் முன்னதாக, அறிவித்தார்கள். சுமார் 350 ஊழியருக்குரிய இழப்பீட்டைப் பற்றித் தொழிற்சங்கத்தோடு பேசினார்கள். மூடுவதற்கும் ஒரு முறையுண்டு என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம். நாள் குறித்து மூடினால் மனிதன் அடுத்த வேலையைத் தேடிக்கொள்வான். முத்திரை வைத்து மூடினால் அவன் வாயிலுக்கு வெளியே நிற்பான்.

நேயர்களே, பந்தயம் வாழ வேண்டுமென்று வாதாட நான் வரவில்லை. என் வீட்டுப் பிள்ளையொருவன் குதிரையின் மேல் பணங் கட்டினால் நான் மகிழமாட்டேன். நான் வேண்டுவது இவ்வளவே. ஒரு தொழிலைத் தீமையென்று கண்டு ஒழிக்க முடிவு செய்யும் சமுதாயம், அந்தத் தீமையால் ஒருநாளும் செல்வம் சேர்க்காத அதன் உழைப்பாளிக்கு என்ன வழி என்பதையும் அதே சட்டத்தில், அதே தாளில் எழுத வேண்டும். 1956 இல் கொழும்பில் அது எழுதப்பட்டிருந்தால், அந்தத் தாள் இன்று கிண்டிக்கு முன்மாதிரியாக இருந்திருக்கும்.

கொழும்புத் திடலின் கட்டடம் 2010 களில் புதுப்பொலிவு பெற்றுக் கடைத்தொகுதியாயிற்று. புல்வெளி றகர் மைதானமாயிற்று. அங்கே செல்பவர்கள் கட்டடத்தின் அழகை வியக்கிறார்கள். அவ்விடத்து இலாயங்களில் உழைத்து, 1956 இல் இருபது வயதினராய் வேலையிழந்தவர்கள் எவரேனும் உயிரோடிருந்தால் அவர்களுக்கு இன்று வயது தொண்ணூறை ஒட்டியிருக்கும். பாட்டனார் குதிரைக்காரராக இருந்தார் என்ற நினைவு உங்கள் வீட்டிலோ அயல்வீட்டிலோ இருக்குமாயின், அவரது பெயர், அவர் பார்த்த குதிரையின் பெயர், திடல் மூடியபின் அவர் செய்த தொழில், இம்மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். குதிரையின் பெயர் பழைய றேஸ் புத்தகத்திலும் கிடைக்கும். மற்ற இரண்டும் உங்கள் வீட்டு நினைவிலேதான் இருக்கின்றன.